இதய உறை நீர் ரிப்போர்ட்டில் ‘எக்ஸுடேட்’: பயப்பட வேண்டுமா?

கேள்வி: எங்களுக்குக் கோத்தகிரி பக்கம். அம்மாவுக்கு 58 வயது, தேயிலை பறிக்கப் போகிறவர். மூச்சு வாங்குகிறது என்று கோவைக்குக் கூட்டிப்போனோம். இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்று ஊசி போட்டு 600 மில்லி எடுத்தார்கள். அந்த நீரில் புரோட்டீன் 3.6, எல்.டி.எச். 520, லிம்போசைட் அதிகம், ‘எக்ஸுடேட்’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ரத்தத்தில் புரோட்டீன் 6.2, எல்.டி.எச். 240. டி.பி.யாக இருக்கும், புற்றுநோயாகக்கூட இருக்கும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். சாதாரணமாக அந்த நீரில் என்னதான் இருக்கும்? ஒரு வருடமாகவே அம்மா உச்சிவெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை, குரலும் கம்மிவிட்டது. மலைக்குளிர்தானே என்று விட்டுவிட்டோம்.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகள்தான் என்னை உடனே எழுத உட்கார வைத்தன. அதற்கு வருகிறேன். முதலில் நீரைப் பார்ப்போம். ‘எக்ஸுடேட்’ என்றால் அழற்சி, தொற்று போன்ற நோயால் கசிந்த நீர் என்று அர்த்தம். எல்.டி.எச். என்பது செல்களில் இருக்கும் ஒரு நொதி, லிம்போசைட் என்பது வெள்ளணுக்களில் ஒரு வகை.

இதயத்தை இரண்டு அடுக்கு உறை மூடியிருக்கிறது. நடுவில் எல்லோருக்குமே கொஞ்சம் நீர் உண்டு, 15 முதல் 50 மில்லி வரை. இருமல் மருந்து பாட்டிலின் 10 மில்லி மூடியால் அளந்தால் ஒன்றரை மூடியிலிருந்து ஐந்து மூடி. ஒரு நாளைக்கு ஏறக்குறைய லட்சம் தடவை துடிக்கும் இதயம், உறையோடு உரசாமல் வழுக்கிக்கொண்டு அசைவது இந்த நீரால்தான். இமைக்குள் கண் உருளுவதைப் போல. குப்பியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் லேசாகக் கொதிக்கவைத்த கிரீன் டீ நிறத்தில் தெளிவாக இருக்கும்.

ரத்தத்தின் நீர்ப்பகுதி நுண்குழாய்களிலிருந்து வடிந்து வருவதுதான் இது. அதனால் சோடியமும் சர்க்கரையும் ரத்தத்தில் இருக்கும் அளவை ஒட்டியே இருக்கும். புரோட்டீன் குறைவு, ஆல்புமின் போன்ற சிறியவை தாராளமாக வந்துவிடும், பெரியவை பின்தங்கும். கொஞ்சம் வெள்ளணுக்களும் உறையின் உட்பரப்பிலிருந்து உதிர்ந்த செல்களும் மிதக்கும்.

ஆரோக்கியமானவர் நெஞ்சில் ஊசி போட்டு இதை எடுத்துப் பார்க்க முடியாது. அதனால் வேறு காரணத்துக்காக இதய அறுவைக்கு வந்த 30 பேரிடம், உறையைத் திறக்கும்போது அங்கிருந்த இயல்பான நீரை எடுத்துச் சோதித்தார்கள். 2005இல் வெளிவந்த ஆய்வு அது. புரோட்டீன் ரத்தத்தில் இருப்பதில் சுமார் 0.6 பங்கு. எல்.டி.எச். ரத்தத்தைப் போல் சுமார் 2.4 மடங்கு. வெள்ளணுக்களில் பாதிக்கு மேல் லிம்போசைட்.

இப்போது அம்மாவின் கணக்கைப் போடுங்கள். 3.6ஐ 6.2ஆல் வகுத்தால் 0.58. 520ஐ 240ஆல் வகுத்தால் சுமார் 2.2. நோயில்லாத உறை நீரிலேயே இருக்கும் விகிதங்கள் இவை!

பிறகு ஏன் ‘எக்ஸுடேட்’ என்று எழுதினார்கள்? புரோட்டீன் விகிதம் 0.5ஐயோ எல்.டி.எச். விகிதம் 0.6ஐயோ தாண்டினால் எக்ஸுடேட் என்பது 1972இல் நுரையீரலைச் சுற்றிச் சேரும் நீருக்காக வகுத்த விதி. அதே அளவுகோலை இதய உறை நீருக்கும் வைத்தால் இயல்பான நீரே தோற்றுவிடும். அந்த ஒரு சொல்லை வைத்து டி.பி. மாத்திரையை ஆறு மாதத்துக்கு ஆரம்பிப்பதையோ, புற்றுநோய் என்று வீடே அழுவதையோ என்னால் ஏற்க முடியாது.

அதற்காக அலட்சியமும் வேண்டாம். 50 மில்லிக்குள் இருக்க வேண்டியது 600 ஆனதற்கு ஒரு காரணம் உண்டு, அதைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும். நம் நாட்டில் டி.பி. அதில் முக்கியமான காரணம். எடுத்த நீரில் டி.பி.யில் கூடும் ஏ.டி.ஏ. என்ற நொதியைப் பார்த்தார்களா, டி.பி. கிருமிக்கான ஜீன் பரிசோதனை செய்தார்களா, புற்றுநோய் செல் தேடினார்களா என்று கேளுங்கள். ஏ.டி.ஏ. 40க்கு மேல் இருந்தால் டி.பி. சந்தேகம் வலுக்கும். அரசு மருத்துவமனைகளில் டி.பி. பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

இனி அந்த ஸ்வெட்டர். தைராய்டு சுரப்பு குறைந்தால் குளிர் தாங்காது, குரல் கரகரக்கும், முகம் ஊதும், மலம் இறுகும். இதய உறையிலும் நீர் கோக்கும். மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சேர்வதால் உறை அதற்கேற்ப விரிந்து கொடுத்துவிடும். திடீரென்று சேர்ந்தால் 200 மில்லியே இதயத்தை அமுக்கிவிடும்; நிதானமாகச் சேர்ந்தால் ஒரு லிட்டரைக்கூட ஆள் தாங்கிக்கொண்டு வேலைக்குப் போவார். சமவெளியில் யாராவது மே மாதம் ஸ்வெட்டர் போட்டால் தெருவே கேட்கும். நம் மலையில் யாரும் கேட்பதில்லை. இங்கே தைராய்டு குறைபாடு தாமதமாகவே கண்ணில் படுவதைப் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன். நீங்கள் அனுப்பிய விவரத்தில் தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனையான டி.எஸ்.எச். இல்லை. அம்மாவுக்கு இதுதான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன், ஆனால் பார்க்காமல் விடக்கூடாது. குறைபாடு உறுதியானால் மாத்திரையைச் சிறிய அளவில் தொடங்கிக் கூட்டுவார்கள். நீர் வற்றச் சில மாதங்கள் பிடிக்கும்.

நீர் மறுபடி சேரலாம். படுத்தால் மூச்சு முட்டுவது, கழுத்து நரம்பு புடைப்பது, தலைசுற்றல், வியர்த்துத் துவள்வது இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். வீட்டில் யாருக்கோ எழுதிக்கொடுத்த நீர் இறங்கும் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்; இதயம் அமுக்கப்பட்டிருக்கும் நேரத்தில் அது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடும்.

டி.எஸ்.எச். பார்க்க வெறும் வயிறு தேவையில்லை, கோத்தகிரியிலேயே நாளைக்கு ரத்தம் கொடுத்துவிடலாம். முடிவு வந்ததும் எக்கோ ரிப்போர்ட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, நீரை எடுத்த மருத்துவரிடமே போங்கள்.