டயாலிசிஸ் நோயாளி வீட்டில் இருந்தால்: நர்ஸ் பதில்கள்

அப்பாவுக்கு இடது கையில் ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது, சிஸ்டர்?

டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம் அது. அங்கே விரல் வைத்தால் உள்ளே 'கிர்ர்' என்று அதிரும். தமனியின் ரத்தம் நேராகச் சிரைக்குள் பாய்வதால் வருவது அது. காலையும் இரவும் தொட்டுப் பாருங்கள். அதிர்வு நின்றிருந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அடுத்த டயாலிசிஸ் வரட்டும் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அந்தக் கையில் பிபி பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ யாரையும் விடாதீர்கள். லேபில் அவசரத்தில் அதே கையைத்தான் நீட்டச் சொல்வார்கள். வாட்ச், இறுக்கமான வளையல், கயிறு எதுவும் வேண்டாம். அந்தக் கையைத் தலைக்கு வைத்தும் தூங்கக்கூடாது.

இளநீர் கொடுக்கலாமா?

கூடாது. அதில் பொட்டாசியம் அதிகம்.

செவ்வாழை?

அதே பதில்.

இயற்கையான இளநீர் எப்படிக் கெடுக்கும்? என் மாமாவும் டயாலிசிஸ்தான், தினமும் குடிக்கிறார், நன்றாக இருக்கிறார்.

மாமாவுக்குச் சிறுநீர் இன்னும் நன்றாகப் போகலாம். கடைசி ரிப்போர்ட்டில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள். சிறுநீர் நின்றவருக்குப் பொட்டாசியம் பெரும்பாலும் டயாலிசிஸ் மெஷினில்தான் வெளியேற வேண்டும். தண்ணீர் ஏறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். பொட்டாசியம் ஏறினால் பல நேரம் எந்த அறிகுறியும் இருக்காது, இதயம் திடீரென்று நின்றுவிடலாம். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்பவர்களுக்கு வாரத்தில் ஒருமுறை வரும் இரண்டு நாள் இடைவெளியில்தான் ஆபத்து அதிகம். ஞாயிற்றுக்கிழமை விருந்தும் அதில்தான் வரும்!

அப்படியானால் கீரை, உருளைக்கிழங்கு எல்லாம் போச்சா?

நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அளவாகக் கொடுங்கள். பிபிக்கு நல்லது என்று சோடியம் குறைந்த உப்பு வாங்குகிறீர்களே, பலவற்றில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான் இருக்கிறது. அதைத் தூக்கிப் போடுங்கள்.

கிரியேட்டினின் (ரத்தத்தில் சேரும் கழிவு) குறைய கஷாயம் கொடுக்கலாமா?

உங்கள் நெஃப்ராலஜிஸ்டை, அதாவது சிறுநீரக மருத்துவரைக் கேளுங்கள்.

வெறும் தேங்காய்த் தண்ணீர்?

மேலே இளநீருக்குச் சொன்னதைப் படியுங்கள் தம்பி.

தவறி ஃபிஸ்டுலா கையிலேயே பிபி எடுத்துவிட்டால்?

ஒருமுறைக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். அதற்காக விடாதீர்கள். அதிர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்தபின் ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கொட்டினால்?

துண்டைச் சுற்றாதீர்கள், உள்ளே கொட்டுவது தெரியாது. துளையின் மேலேயே இரண்டு விரலால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். நின்றதா என்று அடிக்கடி விரலை எடுத்துப் பார்க்க வேண்டாம். பீறிட்டால் அழுத்தியபடியே 108-ஐக் கூப்பிடுங்கள்.