ஆறுமணிக் குருவி எங்கிருந்து வருது?

கேள்வி: போன அக்டோபர்ல ஒரு நாள் விடிகாலைல எங்க வீட்டு போர்டிகோவுல ஒரு குருவி அசையாம உட்கார்ந்திருந்துச்சு சார். முதுகு பச்சை, கண்ணுக்கு மேல கருப்புப் பட்டை, வாலுக்கடியில நல்ல சிவப்பு. பக்கத்துல போனாலும் பறக்கல. கூண்டுலேர்ந்து தப்பிச்சு வந்ததா? – வாசகி, மன்னார்குடி

பதில்: இல்லம்மா, அது காட்டுப் பறவைதான், ஆறுமணிக் குருவி. தோட்டக்கள்ளன்னும் சொல்வாங்க. நீளம் 19 செ.மீ. தான் இருக்கும், வால் குட்டை, பார்த்தா பெருசா பறக்குற பறவை மாதிரியே தெரியாது, ஆனா இமயமலை அடிவாரத்துலயும் மத்திய இந்தியக் காடுகள்லயும் குஞ்சு பொரிச்சுட்டு செப்டம்பர், அக்டோபர்ல தெற்க பார்த்து கிளம்பி நம்ம ஊர் வரைக்கும் வருது, சிலது கடலையும் தாண்டி இலங்கைக்கே போயிடுது. பயணமெல்லாம் ராத்திரிலதான். காத்து குளுமையா இருக்கும், வல்லூறு தொல்லை இல்ல, பகல்ல இறங்கி இரை தேடிக்கலாம். பிரச்சனை என்னன்னா நம்ம வீட்டு லைட்டும் கண்ணாடி ஜன்னலும், வெளிச்சத்துல தடுமாறி வந்து மோதிடுது. மோதாட்டியும் களைச்சுப் போய் இறங்குறது உண்டு. உங்க வீட்ல உட்கார்ந்திருந்தது இதுல ஏதோ ஒண்ணாத்தான் இருக்கணும்.

கேள்வி: அங்கயே இருந்தா என்ன, எதுக்கு இவ்ளோ தூரம் வரணும்?

பதில்: சாப்பாட்டுக்குத்தான். உதிர்ந்து கிடக்குற இலையைக் கிளறி அதுக்கடியில இருக்குற புழு, பூச்சி, மண்புழுவை எடுத்துத் திங்குற பறவை இது, அதனால மண்ணு ஈரமா இருக்கணும். ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் அங்க தென்மேற்குப் பருவமழை, குஞ்சுகளுக்கு வேணுங்குற இரை கிடைக்குது. அப்புறம் அங்க மழை விட்டு குளிர் வர்ற நேரத்துல இங்க வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சுடும். ரெண்டு மழையையும் ஒரே வருஷத்துல பயன்படுத்திக்குது பாருங்க, எனக்கு இந்தப் பறவைகிட்ட ரொம்பப் பிடிச்சது இதுதான். ஏப்ரல், மே வாக்குல திரும்பிப் போயிடும்.

கேள்வி: முதல் தடவை வர்ற குஞ்சுக்கு வழி யார் சொல்றது?

பதில்: இப்படி வலசை போற சின்னப் பறவைகள்ல பலதுக்கு திசை பிறவியிலேயே இருக்கு. நட்சத்திரம், சூரியன், பூமியோட காந்தப்புலம் எல்லாத்தையும் வச்சு சரிபார்த்துக்குது. இதுக்கு அழகான ஒரு ஆராய்ச்சி இருக்கு, பெர்டெக்னு ஒருத்தர் வலசை வர்ற ஸ்டார்லிங் பறவைகளை நெதர்லாந்துல பிடிச்சு சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார், 1958ல முடிவு வெளியாச்சு. பெரிய பறவைங்க இடம் மாறினதை உணர்ந்து வழக்கமா குளிர்காலத்துக்குப் போற இடத்தை நோக்கித் திரும்பிடுச்சு, முதல் வருஷக் குஞ்சுங்க பழைய திசையிலேயே நேரா பறந்து வேற எங்கயோ போய்ச் சேர்ந்துச்சு. ஆக திசை பிறப்புல வருது, இடம் அனுபவத்துல வருது.

கேள்வி: அடுத்த தடவை வந்தா என்ன செய்யணும்?

பதில்: முதல்ல காக்காகிட்டேர்ந்து காப்பாத்துங்க, களைச்சுப் போன பறவையை அது சும்மா விடாது. காத்து போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டில வச்சு மூடி, இருட்டான அமைதியான இடத்துல வைங்க. வாயில தண்ணி மட்டும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்ல போயிடும். தெளிஞ்சதும் புதர் பக்கமா விட்டுடுங்க. தெளியலைன்னா, றெக்கை தொங்குச்சுன்னா உடனே வனத்துறைக்குச் சொல்லுங்க. அழகா இருக்குன்னு வீட்ல வச்சுக்கக் கூடாது, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அப்புறம் வலசை மாசத்துல ராத்திரி வெளி லைட்டை அணைச்சுடுங்க, தோட்டத்து ஓரத்துல கொஞ்சம் சருகைக் கூட்டித் தள்ளாம விட்டு வைங்க, அதுக்கு இரை அங்கதான் இருக்கு.