கேலக்ஸி வாயுவைப் படித்தால் வேலை கிடைக்குமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

பிளஸ் டூ படிக்கும் மகள், "இன்ஜினியரிங் வேண்டாம், கேலக்ஸிக் கொத்துகளில் இருக்கும் சூடான வாயுவைத்தான் ஆராய்ச்சி செய்யப் போகிறேன்" என்றால் வீட்டில் கலக்கம் வரத்தான் செய்யும். வாயுவைப் படித்தால் யார் சம்பளம் தருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

அவள் சொல்வது கற்பனை இல்லை. ஈர்ப்பு விசையால் ஒன்றாகக் கூடியிருக்கும் நூற்றுக்கணக்கான கேலக்ஸிகளைத்தான் கொத்து என்கிறார்கள். சுமார் 24 கோடி ஒளியாண்டு தொலைவில் பெர்சியஸ் கொத்து இருக்கிறது. அதன் கேலக்ஸிகளுக்கு இடையே பரவியிருக்கும் வாயுவின் எடை, அங்குள்ள எல்லா நட்சத்திரங்களின் எடையையும் விடப் பல மடங்கு. வெப்பம் கோடிக்கணக்கான டிகிரி. ஆனால் நம் ஆய்வகங்களில் உண்டாக்கும் வெற்றிடத்தை விடவும் மெலிது! அது எக்ஸ் கதிரில்தான் ஒளிரும். அந்தக் கதிரைக் காற்று மண்டலம் தடுத்துவிடுவதால் செயற்கைக்கோளில் இருந்துதான் பார்க்க முடியும். 1999-இல் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கி அப்படிப்பட்டது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகரின் பெயர்தான் அதற்கு.

ஜப்பானின் ஹிட்டோமி என்ற எக்ஸ் கதிர் செயற்கைக்கோள் 2016-இல் இதே பெர்சியஸைப் பார்த்து, வாயு நொடிக்குச் சுமார் 160 கிலோமீட்டர் வேகத்தில் கலங்குவதை அளந்தது. ஏவிய சில வாரங்களிலேயே செயலிழந்தது. அதற்குப் பதிலாக வந்த எக்ஸ்ரிசம் செயற்கைக்கோள் 2023-இல்தான் மேலே போனது. இடையில் ஏழு வருடம். அதனால் பி.எச்டி. சேரும்போது ஒரே ஒரு செயற்கைக்கோளை நம்பித் தலைப்பு எடுக்கக் கூடாது. இதை மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

இப்போதைக்கு அவள் சேர வேண்டியது இயற்பியல். விண்வெளி என்ற பெயரோடு விளம்பரம் செய்யும் புதுப் படிப்புகள் பக்கம் போக வேண்டாம். ஐசர், நைசர் இரண்டும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். ஐசருக்கு ஐ.ஏ.டி. நுழைவுத் தேர்வு, நைசருக்கு நெஸ்ட் தேர்வு. கிடைக்காவிட்டால் நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். அதிலும் குறைவு ஒன்றும் இல்லை. அப்புறம் பி.எச்டி.க்கான ஜெஸ்ட், நெட் தேர்வுகள். இந்தத் துறைக்குப் புனேயில் ஐயுக்கா என்ற வானியல் ஆய்வு மையம் இருக்கிறது. ரேடியோ வானியலுக்கான என்.சி.ஆர்.ஏ. மையமும் அங்கேதான், அதன் ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கி இதே கொத்துகளை ரேடியோ அலையில் பார்க்கிறது.

பணம்? நெட் தேர்வு வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. பி.எச்டி., அதற்குப் பின் வெளிநாட்டில் சில வருடம் என்று நிரந்தர வேலைக்கு முப்பது வயது தாண்டிவிடும். அந்த இடங்களும் குறைவு. இதை மறைத்து ஆசை காட்ட எனக்கு மனமில்லை. ஆனால் இந்தத் துறையை விட்டு வெளியே வருபவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. மங்கலான சிக்னலை இரைச்சலில் இருந்து பிரிக்கப் புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி மொழியும் நன்றாகத் தெரிந்திருக்கும். டேட்டா சயன்ஸ் நிறுவனங்கள் கேட்பதும் அதைத்தான்.

தேர்வு முடிந்ததும் சந்திராவின் பொதுத் தரவுக் காப்பகத்தில் இருந்து பெர்சியஸ் தரவை இலவசமாக இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். படத்தை ரசிப்பது வேறு, அந்த எண்களோடு மணிக்கணக்கில் உட்காருவது வேறு. சலிப்பு வந்தால் அதுவும் நல்லதுதான், சீக்கிரமே தெரிந்துவிட்டது.

சரி, இன்ஜினியரிங் கவுன்சலிங் விண்ணப்பத்தையும் போட்டு வையுங்கள். அவளுக்குத் தெரிந்தே போடுங்கள்.