~ குறிக்கு அண்ணன் இல்லை

அண்ணா,
நான் கல்முனையில் இருக்கிறேன். மருதமுனைக் கைத்தறிக் கடை ஒன்றுக்கு இணையத்தளம் செய்கிறேன். மேலே மூன்று நிற வட்டங்கள், கீழே சாறியின் படம். வட்டத்தின் மேல் மவுஸ் போனால் படம் அந்த நிறத்துக்கு மாறும். ஜாவாஸ்கிரிப்ட் இல்லை, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் மட்டும். கடைக்காரர் வட்டங்களைப் படத்துக்குக் கீழே போடச் சொன்னார், போட்டேன், இப்போது ஒன்றுமே மாறவில்லை. சிஎஸ்எஸ்ஸில் ஒரு எழுத்தையும் தொடவில்லை. எங்கே பிழை?

தம்பி,
பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று எழுதும் எச்டிஎம்எல்லில் வரிசை மாறிவிட்டதே, அது போதும். நீங்கள் வட்டத்தின் ஹோவருக்கும் (மவுஸ் மேலே நிற்கும் நிலை) படத்துக்கும் நடுவில் ~ குறி போட்டிருப்பீர்கள். அதை ஆங்கிலத்தில் உடன்பிறப்புக் குறி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள், நம்மைக் கேட்டால் தம்பி தங்கைக் குறி என்றுதான் சொல்ல வேண்டும். தனக்குப் பின்னால் பிறந்தவர்களை, அதாவது எச்டிஎம்எல்லில் பின்னால் எழுதியவற்றை மட்டும்தான் அதற்குத் தெரியும். + குறிக்கு அதுவும் இல்லை, அடுத்துப் பிறந்த ஒரே ஆளைத்தான் தெரியும். உங்கள் படம் இப்போது வட்டங்களுக்கு அண்ணனாகிவிட்டது. பிரவுசரும் பிழை என்று ஒன்றும் சொல்லாது, பேசாமல் இருந்துவிடும்.

இன்னொன்று. வட்டங்கள் நடுவில் வடிவாக நிற்கட்டும் என்று அவற்றை மட்டும் டிவ் என்ற பெட்டி ஒன்றுக்குள் போட்டிருந்தால், படத்தைத் திரும்பக் கீழே கொண்டுவந்தாலும் சரிவராது. அப்போது படம் அவற்றுக்குச் சித்தப்பா முறை. தாய் ஒன்றாக இருந்தால்தான் ~ வேலை செய்யும்.

பழைய வழி, எச்டிஎம்எல்லில் வட்டங்களை முன்னால் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சுற்றியுள்ள வெளிப்பெட்டிக்கு ஃபிளெக்ஸும் (வரிசையாக அடுக்க) ராப்பும் (இடம் போதாவிட்டால் அடுத்த வரிக்குப் போக) கொடுத்து, படத்துக்கு அகலம் 100%, ஆர்டர் -1 என்று போடுவது. கண்ணுக்குப் படம் மேலே தெரியும், பிறந்த வரிசை மாறாது. இப்போது அந்தச் சுற்று தேவையில்லை, :ஹேஸ்() இருக்கிறது. வெளிப்பெட்டியைப் பிடித்து, "உனக்குள் மவுஸ் பட்ட சிவப்பு வட்டம் இருந்தால் உனக்குள் இருக்கும் படத்தை மாற்று" என்று எழுதலாம், அண்ணன் தம்பி சித்தப்பா எவரும் பிரச்சினை இல்லை. சஃபாரியிலும் குரோமிலும் 2022இல் வந்தது, ஃபயர்ஃபாக்ஸ்தான் 2023 டிசம்பர் வரை இழுத்தது.

ஆனால் சாறி வாங்குகிறவர்களில் எத்தனை பேர் மவுஸ் வைத்திருக்கிறார்கள்? பாசிக்குடாவில் ஒரு விடுதிக்குச் செய்த பக்கத்தில் அறை வாடகையை ஹோவருக்குள் ஒளித்து வைத்துவிட்டுப் பெருமையாக இருந்தேன், முதலாளி போனில் திறந்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு "விலை எங்க தம்பி?" என்றார். போனில் விரலால் தட்டினால் ஹோவர் ஒட்டிக்கொள்ளும், வேறெங்காவது தட்டும்வரை போகாது, அதை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ஒவ்வொரு வட்டத்தையும் ரேடியோ பட்டனின் (பலவற்றில் ஒன்றை மட்டும் தெரிவுசெய்யும் பட்டன்) லேபிளாக்கி, எது தெரிவாகியிருக்கிறது என்பதை அதே :ஹேஸ்()க்குள் :செக்ட் போட்டுப் பிடியுங்கள். தட்டிய நிறம் அப்படியே நிற்கும். ஹோவரை, மவுஸ் உள்ள திரைக்கு மட்டும் என்று மீடியா குவெரிக்குள் தள்ளிவிடுங்கள்.

அப்புறம், மூன்று நிறப் படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, தெரிய வேண்டியதை மட்டும் தெரியவிட்டு மற்றதை ஓபாசிட்டியால் மறைத்து மாற்றுங்கள். ஹோவரின்போது மட்டும் பின்னணிப் படமாகக் கொடுத்தால் முதல் தடவை அது இறங்கி முடியும்வரை சாறி இருந்த இடம் வெறுமையாகக் கிடக்கும், கடைக்காரர் திரும்பவும் உங்களுக்குத்தான் போன் எடுப்பார்.