ஃபேனுக்குப் போடுங்கள், தொட்டி பம்ப்புக்கு வேண்டாம்

கேள்வி: சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். பாய்லரில் புகையை இழுத்து வெளியேற்ற 20 எச்பி ஐடி ஃபேன். சம்ப்பிலிருந்து 25 மீட்டர் மேலே உள்ள தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற 15 எச்பி பம்ப். இரண்டுக்கும் விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்) போட்டால் கரண்ட் பில் பாதியாகும் என்கிறார் விற்பவர். ஃபேன் மோட்டார் ஒரு முறை காயில் கட்டியது. பேனலிலிருந்து 60 மீட்டர் தள்ளி இருக்கிறது. நம்பிப் போடலாமா?

பதில்: ஃபேனுக்குப் போடலாம். பம்ப்புக்கு வேண்டாம்.

ஃபேனின் வேகத்தைக் குறைத்தால் அது இழுக்கும் பவர் வேகத்தின் மும்மடிக்குக் குறையும். 50 ஹெர்ட்ஸை 40 ஆக்கினால் 0.8 × 0.8 × 0.8, அதாவது கிட்டத்தட்ட 51 சதவீதம். விற்பவர் சொல்லும் 'பாதி' இங்கிருந்து வருவதுதான். ஆனால் டேம்பரை (காற்று வழியை அடைக்கும் தகட்டை) மூடி ஓட்டும்போதே மோட்டார் முழு லோடு எடுப்பதில்லை. அதனால் மிச்சத்தை 20 எச்பியிலிருந்து கணக்குப் போடாதீர்கள். இப்போது ஓடும் கிலோவாட்டை அளந்து, அதிலிருந்து போடுங்கள்.

பம்ப் கதை வேறு. வேகம் குறைந்தால் ஹெட், அதாவது பம்ப் தண்ணீரைத் தூக்கும் உயரம், வேகத்தின் இருமடிக்குக் (0.8 × 0.8) குறையும். வால்வை முழுக்க மூடினால் உங்கள் பம்ப் 38 மீட்டர் ஹெட் காட்டுகிறது என்று வையுங்கள். 40 ஹெர்ட்ஸில் அது 24 மீட்டர்தான். தொட்டியோ 25 மீட்டரில். மோட்டார் சுற்றும், கரண்ட் மீட்டர் ஓடும், மேலே ஒரு சொட்டு ஏறாது. உள்ளே இருக்கும் தண்ணீர் சூடாகிச் சீலைத்தான் கெடுக்கும். தொட்டி நிரம்பியதும் நிறுத்த ஃப்ளோட் சுவிட்ச் போதும்.

இனி அந்த 60 மீட்டர் கேபிள். 415 வோல்ட் சப்ளையில் டிரைவின் டிசி பஸ் (உள்ளே டிசியாக மாற்றிய மின்சாரம்) சுமார் 587 வோல்ட். அதை டிரைவ் பல்ஸ் பல்ஸாக மோட்டாருக்கு அனுப்பும். நீளக் கேபிளில் பல்ஸ் எதிரொலித்து, மோட்டார் டெர்மினலில் அதன் இரண்டு மடங்கு வரை எகிறலாம். சாதாரண வயரில் காயில் கட்டிய மோட்டாருக்கு இது ஆபத்து. டிரைவின் அவுட்புட்டில், இந்த வோல்டேஜ் எகிறலை அடக்கும் டிவி/டிடி ஃபில்டர் கேளுங்கள். டிரைவை மோட்டார் பக்கத்திலேயே மாட்டலாமே என்று தோன்றும். பாய்லர் சூட்டிலும் சாம்பலிலும் அது தாங்காது. மோட்டாரோடு கெப்பாசிட்டர் இணைத்திருந்தால் கழற்றிவிடச் சொல்லுங்கள்; மறந்தால் டிரைவ் டிரிப் ஆகும், எரியவும் செய்யலாம்.

ஒரு மில்லில் டிரைவ் போட்டும் பில் குறையவில்லை என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் டேம்பர் பழையபடி பாதி மூடியே கிடந்தது, டிரைவ் 50 ஹெர்ட்ஸில். ஆபரேட்டருக்கு யாரும் சொல்லவில்லை. டேம்பரை முழுக்கத் திறந்து, டிராஃப்ட்டை (புகை இழுப்பை) ஃபேன் வேகத்தில் கட்டுப்படுத்தினால்தான் மிச்சம்.

பணம் கட்டுமுன் ஒரு வாரம் டேம்பர் கைப்பிடி எந்த இடத்தில் நிற்கிறது என்று ஷிஃப்ட்டுக்கு மூன்று முறை எழுதி வைக்கச் சொல்லுங்கள். லோடுக்கு ஏற்ப ஏறி இறங்கினால் டிரைவ் வாங்குங்கள். எப்போதும் ஒரே இடத்தில் பாதி மூடி நின்றால், பெல்ட் ஃபேனாக இருக்கும் பட்சத்தில், மோட்டார் புல்லியைச் சின்னதாக மாற்றினாலே வேலை முடிந்தது.