வெயில், அலைச்சல் மாதிரியான உடல் அழுத்தம் விலங்குகளின் எச்சிலை மாற்றுமா?

மாற்றும். கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறும் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள், அது சரிதான். இரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் திரியும் கார்டிசால் எச்சிலிலும் வந்து சேரும். இரத்தம் எடுக்க ஊசி குத்தினால் அந்தப் பயத்திலேயே அளவு ஏறிவிடும் என்பதால், பன்றிகளுக்குப் பருத்திக் கயிற்றை மெல்லக் கொடுத்து எச்சில் எடுக்கிறார்கள். அழுத்தத்தை அறிய மனிதர்களுக்குப் பார்க்கும், மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதியை மாட்டிடம் தேடிப் பயனில்லை. அதன் எச்சிலில் அது ஏறக்குறைய கிடையாது.

மாடு வளர்க்கிற எனக்குக் கார்டிசாலை விட, எச்சிலில் உள்ள, அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் உப்புதான் கவலை. பெரிய கறவை மாட்டுக்கு ஒரு நாளில் 100 லிட்டருக்கு மேல்கூட எச்சில் சுரக்கும். பைகார்பனேட்டும் பாஸ்பேட்டும் நிறைந்த அந்த நீரின் பிஎச் 8-க்கு மேல், அதாவது காரத்தன்மை. முதல் வயிற்றில் தீவனம் புளித்து உண்டாகும் அமிலத்தை அடக்கி வைப்பதில் பெரும்பங்கு இதற்குத்தான்.

சித்திரை வெயிலில் கலப்பின மாடு வாயைத் திறந்து இளைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. அதைச் சரிக்கட்ட சிறுநீரகம் பைகார்பனேட்டை மூத்திரத்தில் தள்ளுகிறது. எச்சிலுக்குப் போகவேண்டிய சரக்கு இப்படிக் குறைந்துவிடுகிறது. சுரக்கிற எச்சிலிலும் ஒரு பங்கு வயிற்றுக்குப் போகாமல் தரையில் ஒழுகுகிறது. போதாததற்கு, மாடு அசைபோடுவதையும் குறைத்துக்கொள்ளும். வயிற்றில் அமிலம் ஏறினால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் தளர்ந்துபோகும், பாலில் கொழுப்பு இறங்கும். பால் சொசைட்டியில் "தண்ணி கலந்தீங்களா?" என்கிற பார்வை வேறு.

அதனால் கோடையில் அடர்தீவனத்தை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் பிரித்து வைப்பேன். கூடவே வைக்கோலோ சோளத்தட்டையோ கட்டாயம் உண்டு, அசைபோட வைப்பது அந்த நார்தான். தீவனத்தில் சமையல் சோடா (அதுவும் பைகார்பனேட்தான்) கலப்பதும் இதற்காகத்தான். மாட்டின் எடை, தீவனம் பார்த்து அளவை மருத்துவர் சொல்வார். நிழலும் தண்ணீரும் இல்லாமல் சோடாவை மட்டும் நம்புவது வீண்.

ஒன்று மட்டும் கவனம். எச்சில் ஒழுகினால் உடனே வெயில் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காய்ச்சல், நாக்கில் கொப்புளம், குளம்பிடுக்கில் புண் இருந்தால் கோமாரியாக இருக்கலாம். அந்த மாட்டைத் தனியாகக் கட்டிவிட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.