லெட் செப்பலின் பாக்ஸ் செட்: கேட்டதும் சொன்னதும்

இங்கிலாந்தின் ராக் பேண்டு லெட் செப்பலின் 1990-இல் வெளியிட்ட நான்கு சிடி பெட்டியைப் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். புதியவர்களுக்காக முதலிலேயே ஆட்களைச் சொல்லிவிடுகிறேன்: கிட்டார் ஜிம்மி பேஜ், குரல் ராபர்ட் பிளான்ட், பேஸும் கீபோர்டும் ஜான் பால் ஜோன்ஸ், டிரம்ஸ் ஜான் பான்ஹம். 1968-இல் சேர்ந்தார்கள். 1980 செப்டம்பரில் பான்ஹம் இறந்ததும் கடையைக் கட்டிவிட்டார்கள். வேறொரு டிரம்மரை வைத்து ஓட்டவில்லை.

அண்ணா, இந்த பேண்டே எனக்குப் புதுசு. 54 பாட்டு ஒரே பெட்டியில் இருக்கிறதே, இதிலிருந்தே தொடங்கலாமா?

வேண்டாம் தம்பி. முதலில் 1971-இல் வந்த, பெயரே இல்லாத நான்காவது ஆல்பத்தைக் கேளுங்கள். பிடித்தால் 1975-இல் வந்த ‘பிசிக்கல் கிராஃபிட்டி’க்குப் போங்கள். ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்து எது வர வேண்டும் என்று யோசித்து ஆல்பம் செய்தவர்கள் இவர்கள். பெட்டி அந்த வரிசையைக் கலைத்து வேறொரு வரிசை போடுகிறது. எதைக் கலைத்தார்கள் என்று தெரிந்தால்தான் அதில் சுவை. அவசரமாக ஒரு அறிமுகம் போதும் என்றால் 2007-இல் வந்த ‘மதர்ஷிப்’ இருக்கிறது: இரண்டு சிடி, 24 பாட்டு.

சிங்கிளே போடாத பேண்டு என்கிறார்கள். அப்புறம் ‘ஹிட்ஸ்’ எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தில்தான் போடவில்லை. பேண்டு இருந்த காலம் முழுக்க அங்கே முறையாக ஒரு சிங்கிள்கூட (ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டை மட்டும் தனித் தட்டாக விற்பது) விற்பனைக்கு வரவில்லை. ‘ஹோல் லாட்டா லவ்’ 1997-இல்தான் அங்கே சிங்கிளாக வந்தது. அமெரிக்காவில் சிங்கிள்கள் உண்டு. அதே பாட்டு அங்கே 1970-இல் பில்போர்டு பட்டியலில் 4-ஆம் இடம் வரை ஏறியது. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ‘ஸ்டெயர்வே டு ஹெவன்’ அமெரிக்காவிலும் கடைக்கு சிங்கிளாக வரவில்லை. ரேடியோவில் திரும்பத் திரும்பப் போட்டே அது ஊரறிந்த பாட்டானது. வேண்டும் என்றவர்கள் முழு ஆல்பத்தையும் வாங்க வேண்டியிருந்தது. நல்ல வியாபாரம்தான்! ஆகவே இந்தப் பெட்டியில் ‘ஹிட்ஸ்’ என்பது விற்பனைப் பட்டியலைப் பார்த்து எடுத்தது அல்ல. பேஜ் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தது.

பெட்டியில் அரிய பாடல்கள் எத்தனை? அதற்காக மட்டும் வாங்கலாமா?

நான்குதான். ஏதோ புதையல் இருக்கும் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நான்கும் தனித்தனியாகப் பேசத் தகுந்தவை.

முதலாவது ‘டிராவலிங் ரிவர்சைட் புளூஸ்’. ராபர்ட் ஜான்சன் 1937-இல் பதிவு செய்த புளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) பாட்டை எடுத்துத் தங்கள் பாணியில் உருமாற்றியது. 1969 ஜூனில் ஜான் பீலின் பிபிசி ரேடியோ நிகழ்ச்சிக்காகப் பதிவானது. ரேடியோ பதிவு என்றால் நால்வரும் நின்று ஒரே மூச்சில் வாசித்துவிட்டுப் போவது என்று நினைப்போம். பேஜ் இதில் ஸ்லைடு கிட்டாரை அடுக்கடுக்காகப் பதிந்திருக்கிறார். ரேடியோவுக்கு இவ்வளவு மெனக்கெட்டதைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்.

இரண்டாவது ‘வைட் சம்மர்’, ‘பிளாக் மவுன்டன் சைடு’ இரண்டையும் ஒன்றாகக் கோத்த கிட்டார் வாசிப்பு. இதுவும் 1969 ஜூன், இதுவும் பிபிசிதான். ‘வைட் சம்மர்’ பேஜ் யார்ட்பேர்ட்ஸ் பேண்டில் இருந்த காலத்துச் சரக்கு. கிட்டாரின் ஆறு தந்திகளும் டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று ஒலிக்கும்படி சுருதி சேர்த்து வாசிப்பார். ‘காஷ்மீர்’ பாட்டுக்கும் அதே சுருதிதான். முதல் தட்டின் கடைசியில் இதைக் கேட்டுவிட்டு மூன்றாம் தட்டைத் தொடங்கினால் முதல் பாட்டே ‘காஷ்மீர்’. விதையும் மரமும் ஒரே பெட்டியில் இருப்பது தெரியும்.

மூன்றாவது ‘ஹே ஹே வாட் கேன் ஐ டூ’. 1970-இல் அமெரிக்காவில் ‘இமிக்ரன்ட் சாங்’ சிங்கிளின் பின்பக்கத்தில் வந்தது. பேண்டு உயிரோடு இருந்தபோது வெளியாகி, அவர்களுடைய எந்த ஆல்பத்திலும் இடம்பெறாத ஒரே பாட்டு இதுதான். அக்கூஸ்டிக் கிட்டார், ஜோன்ஸின் மாண்டலின், கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாடுவது. இதை ஏன் மூன்றாவது ஆல்பத்தில் சேர்க்காமல் விட்டார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அதில் இருக்கும் இரண்டு மூன்று பாட்டைவிட இது மேல்.

நான்காவது ‘மோபி டிக்/பான்ஸோஸ் மான்ட்ரூ’. இப்படி ஒரு பாட்டை பான்ஹம் வாசிக்கவே இல்லை. 1969-இல் வந்த டிரம் சோலோ ஒன்று, 1976-இல் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூவில் பதிவான இன்னொன்று. இரண்டையும் 1990-இல் ஒன்றோடொன்று பின்னிவிட்டார் பேஜ். இறந்த நண்பனுக்குச் செய்த மரியாதை என்று கொள்ளலாம். ஒட்டுவேலை என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. எனக்குப் பிடிக்கும், ஆனால் தனித்தனிப் பதிவுகளைத்தான் அதிகம் கேட்கிறேன்.

இந்த நான்கும் இன்று வேறு எங்காவது கிடைக்குமா?

மூன்று கிடைக்கும். ‘டிராவலிங் ரிவர்சைட் புளூஸ்’, ‘ஹே ஹே’ இரண்டும் ‘கோடா’ என்ற ஆல்பத்துக்கு 2015-இல் வந்த டீலக்ஸ் பதிப்பில் இருக்கின்றன. ‘வைட் சம்மர்’ 2016-இன் ‘கம்ப்ளீட் பிபிசி செஷன்ஸ்’ மூன்றாம் தட்டில். டிரம் ஒட்டுவேலை மட்டும் இந்த இரண்டிலும் இல்லை.

பழைய பாட்டுகளையே மறுபடி விற்கத்தானே ‘ரீமாஸ்டர்’ என்று ஒரு பெயர்? காது கேட்டு வித்தியாசம் தெரியுமா?

பல பேண்டுகள் விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயம். இங்கே அப்படியில்லை. 1980-களின் நடுவில் சிடி வந்தபோது நிறுவனங்கள் அவசர அவசரமாகப் பழைய ஆல்பங்களை சிடியாக்கின. செப்பலின் சிடிகளும் பேஜைக் கேட்காமலேயே தயாரானவை. பாட்டை எழுதி, வாசித்து, தயாரித்தவரே அந்த வேலையில் இல்லை! 1990-இல்தான் அவர் நியூயார்க்கில் ஸ்டெர்லிங் சவுண்டில் ஒலிப் பொறியாளர் ஜார்ஜ் மரினோவோடு உட்கார்ந்து மூல டேப்களிலிருந்து மறுபடி மாஸ்டர் செய்தார், அதாவது தட்டுக்குப் போகும் முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்தார். இந்தப் பெட்டி பிறந்ததே அதற்காகத்தான். அரிய பாடல்கள் அதன் மேல் தூவியவை.

மூல டேப் ஏன் முக்கியம் என்று கேட்கலாம். இசைத்தட்டு வெட்டுவதற்கென்று நகல் டேப் எடுக்கும்போது, ஊசி தாங்க வேண்டுமே என்று பேஸைக் குறைத்து, ஓரங்களை மழுக்கி எடுப்பார்கள். ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் கொஞ்சம் ஏறும். அப்படிப்பட்ட நகலிலிருந்து சிடி செய்தால் எல்பிக்காக (பழைய இசைத்தட்டு) செய்த சமரசமெல்லாம் சிடியிலும் ஏறிவிடும்.

சரி, காதுக்கு எப்படி? 1990 பதிப்பு பளிச்சென்று இருக்கும், சிம்பல் ஒலி முன்னால் நிற்கும். சிலருக்கு அது கூச்சமாகப் படும். ஆனால் மெல்லிய இடம் மெல்லிதாகவும் உரத்த இடம் உரக்கவும் இருக்கிறது. ‘மதர்ஷிப்’ வந்த காலத்தில் எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு அழுத்தி உரக்க வைப்பது வழக்கமாகிவிட்டது. அதற்கு இது எவ்வளவோ மேல். 2014-15-இல் ஜான் டேவிஸ் மாஸ்டர் செய்த ஆல்பங்கள் சமநிலையானவை. நான் எப்போதும் எடுப்பது அவற்றைத்தான்.

வரிசையில் எனக்கு ஒரு கோபம்: ‘ஹார்ட்பிரேக்கர்’ முடிந்ததும் ‘லிவிங் லவிங் மெய்டு’ வரவில்லை. இது தவறில்லையா சார்?

உங்களுக்கு மட்டுமல்ல, அமெரிக்க ரேடியோ கேட்டு வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் அந்தக் கோபம் உண்டு. இரண்டாவது ஆல்பத்தில் ‘ஹார்ட்பிரேக்கர்’ சட்டென்று அறுந்து நிற்கும், மறுநொடி அடுத்த பாட்டு பிடித்துக்கொள்ளும். ரேடியோக்காரர்கள் இரண்டையும் சேர்த்தே போடுவார்கள். பெட்டியில் அந்த இடத்தில் ‘கம்யூனிகேஷன் பிரேக்டவுன்’ வருகிறது. ‘லிவிங் லவிங் மெய்டு’ பேஜுக்கு அவ்வளவாகப் பிடிக்காத பாட்டு, அதனால் முதல் பெட்டியிலேயே இடம் இல்லை.

என் கோபம் வேறு. முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு ‘குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்’. பான்ஹம் யார் என்று உலகுக்குச் சொன்ன பாட்டு, பேஸ் டிரம்மின் ஒற்றை மிதியை வலது கால் அப்படி அடிக்கும். வாழ்நாள் தொகுப்பு என்று சொல்லிக்கொள்ளும் பெட்டியில் அது இல்லை! ‘தி சாங் ரிமெய்ன்ஸ் தி சேம்’ முடிந்ததும் வர வேண்டிய ‘ரெய்ன் சாங்’ வேறொரு தட்டில் கிடக்கிறது. மறுபக்கம், ‘ஃபிரெண்ட்ஸ்’ முடிவில் நீளும் ரீங்காரம் அப்படியே ‘செலிப்ரேஷன் டே’க்குள் நுழைவதைக் கலைக்காமல் விட்டிருக்கிறார். ‘ஹவுசஸ் ஆஃப் தி ஹோலி’ என்ற பாட்டு அதே பெயர் கொண்ட ஆல்பத்தில் இல்லாமல் அதற்கடுத்த ஆல்பத்தில் வந்த கூத்து தெரியும்தானே? வரிசை விஷயத்தில் இவர்கள் எப்போதுமே இப்படித்தான்.

இரண்டாவது பெட்டியும் வாங்க வேண்டுமா?

1993-இல் வந்த ‘பாக்ஸ்டு செட் 2’ மிச்சப் பாடல்களின் தொகுப்பு. மிச்சம் என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. ‘லெமன் சாங்’, ‘ஹவ் மெனி மோர் டைம்ஸ்’, ‘தி ரோவர்’, நான் மேலே புலம்பிய ‘குட் டைம்ஸ்’ எல்லாம் அதில்தான். புதிதாக ஒன்றே ஒன்று: ‘பேபி கம் ஆன் ஹோம்’. 1968 அக்டோபரில் லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் பதிவாகி, டேப் காணாமல் போய், 1991-இல் அதே ஸ்டூடியோவுக்கு வெளியே குப்பைத் தொட்டியில் கிடைத்ததாகச் சொல்வார்கள். உறை மேல் யார்ட்பேர்ட்ஸ் என்று எழுதியிருந்ததாம். இதுவும் இப்போது ‘கோடா’ டீலக்ஸில் இருக்கிறது.

இரண்டு பெட்டியும் இருந்தால் ஸ்டூடியோ ஆல்பங்களின் பாடல்கள் எல்லாம் கையில் வந்துவிடும், ஆனால் வரிசை குலைந்து. அதற்கு ஆல்பங்களையே வாங்கிவிடலாமே.

பேஜும் பிளான்டும் பம்பாயில் பதிவு செய்தார்களாமே? பெட்டியில் தேடிப் பார்த்தேன், காணோம்.

இருக்காது. 1972-இல் இருவரும் பம்பாய் ஸ்டூடியோவில் அங்குள்ள கலைஞர்களை வைத்து ‘ஃபிரெண்ட்ஸ்’, ‘ஃபோர் ஸ்டிக்ஸ்’ இரண்டையும் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். பல வருடம் திருட்டுப் பதிவாக மட்டுமே சுற்றிக்கொண்டிருந்தது. முறையாக வெளிவந்தது 2015 ‘கோடா’வில்தான், பாம்பே ஆர்கெஸ்ட்ரா என்ற பெயரோடு. ‘ஃபோர் ஸ்டிக்ஸ்’ அங்கே ‘ஃபோர் ஹேண்ட்ஸ்’ ஆகிவிட்டது. தாளக் கணக்கு சிக்கலான பாட்டு அது. நம் ஆட்கள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று கவனித்துக் கேளுங்கள். உண்மையான அரிய சரக்கு வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது அந்த ‘கோடா’வைத்தான், பெட்டியை அல்ல.

அமெரிக்காவில் இந்தப் பெட்டி 1 கோடி விற்றது என்று படித்தேன். நம்பவே முடியவில்லை.

பாதி உண்மை. அமெரிக்க ஒலிப்பதிவு நிறுவனங்களின் சங்கம் இதற்கு 10 மடங்கு பிளாட்டினம் தந்திருக்கிறது (ஒரு பிளாட்டினம் 10 லட்சம்). ஆனால் நீளமான தொகுப்புகளில் தட்டுக்கு ஒன்றாக எண்ணுவது அவர்கள் வழக்கம். நான்கு தட்டு என்றால் ஒரு பெட்டி நான்கு. அப்படிப் பார்த்தால் 25 லட்சம் பெட்டி. பாக்ஸ் செட்டுக்கு அதுவே மலைப்பான எண்தான்.

‘பேப் ஐம் கோனா லீவ் யூ’வை எழுதியவர் என்று பழைய எல்பியில் ஒன்று, பெட்டியில் வேறு பெயர் போட்டிருக்கிறதே?

அந்தப் பாட்டை எழுதியவர் ஆன் பிரெடன் என்ற அமெரிக்கப் பெண். செப்பலின் அதை மரபுப் பாடல் என்று நினைத்துப் போட்டுவிட்டார்கள். 1990 முதல் அவர் பெயரும் சேர்ந்தது. ‘ஹோல் லாட்டா லவ்’ விஷயத்தில் புளூஸ்காரர் வில்லி டிக்சன் தன் பாட்டிலிருந்து எடுத்தது என்று வழக்கே போட்டு, 1987-இல் சமரசமானது. புளூஸ்காரர்களிடமிருந்து எடுத்ததை இவர்கள் தாராளமாக ஒப்புக்கொண்டதில்லை. எனக்கு இவர்கள் இசை எவ்வளவு பிடித்தாலும் அது உறுத்தும்.

பயன்படுத்திய பெட்டி ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் உள்ளே புத்தகம் இருக்கிறதா என்று பாருங்கள். கேமரன் குரோ, கர்ட் லோடர், ராபர்ட் பாமர் (பாடகர் இல்லை, விமர்சகர்) மூவரும் எழுதிய கட்டுரைகள் அதில் உண்டு. ஸ்ட்ரீமிங்கில் கிடைக்காதது அதுதான். பயிர் வட்டங்கள் மேல் ஆகாயக் கப்பலின் நிழல் விழும் அட்டையும் பெரிய அளவில் பார்க்க அழகு. 6 எல்பி வடிவமும் வந்தது. அதில் ஒவ்வொரு தட்டையும் வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பாருங்கள். சிடி என்றால் நான்கும் ஒரே பெட்டியைச் சேர்ந்தவைதானா என்று பாருங்கள். ஒன்று தொலைந்து வேறு பெட்டியிலிருந்து எடுத்துச் செருகியதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று: ஒரே ஒரு தட்டு கேட்க நேரம் இருந்தால்?

மூன்றாவது. பத்தே பாட்டு, ஆனால் எல்லாம் நீளம். ‘காஷ்மீர்’, ‘நோ குவார்ட்டர்’, ‘வென் தி லெவீ பிரேக்ஸ்’, ‘அகிலிஸ் லாஸ்ட் ஸ்டேண்ட்’, முடிவில் 11 நிமிட ‘இன் மை டைம் ஆஃப் டையிங்’. ஹெட்ஃபோன் வேண்டாம், ஸ்பீக்கரில் போடுங்கள். ‘லெவீ’யின் டிரம்ஸை ஒரு மாளிகையின் மாடிப்படிக் கூடத்தில் வைத்து, மைக்கை மேலே தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அதற்குக் கொஞ்சம் காற்று வேண்டும்.